ஓடுகிற வீட்டுக்கு ஒரு நாய்

அந்த அம்மாள் எங்கள் சந்துக்குள் வந்தபோது நான் வாசல்படியில் குத்தவைத்துச் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தேன். பெரிய மனிதர்கள் எப்போதும் இப்படித்தான். நாம் குளித்துப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கை முழுக்கச் செதிலும் நெற்றி முழுக்க வேர்வையுமாய், தலைத்துணி தோளில் கிடக்கிற நேரமாகப் பார்த்து வந்து நிற்பார்கள். மட்டாஞ்சேரி கடைவீதியை மிளகு மூட்டை வண்டிகள் அடைத்துக்கொண்டு கிடந்ததால் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறாள். குட்டையாக வெட்டிய நரைமுடி, கறுப்புக் கண்ணாடி, ஆண்பிள்ளைச் செருப்பு. பக்கத்து வீட்டுப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“சங்கரலிங்கத்திண்டெ வீடு இதல்லே?”

“இதுதான். ஆளு மிளகுக் கிட்டங்கியில வேலையா இருப்பாரு. சாயங்காலம் வந்தா பாக்கலாம்.”

“அதறியாம். ஆளில்லாத்த நேரம் நோக்கித்தன்னெயா வந்தது.”

ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பொம்பளை எதற்கு வரவேண்டும்? நான் மீனைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு எழுந்தேன். அவள் கடைசிவரை மலையாளத்தில்தான் பேசினாள். காயல்பட்டணத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு அது இப்போது பாதித் தாய்பாஷை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அவள் சொன்னதை என் தமிழிலேயே சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் வரும். அவள் தேவராவில் இருக்கிற ஒரு நேவி கமாண்டரின் மனைவி. வீட்டில் நாய் வளர்த்துக் குட்டிகளை வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறாள். வந்து கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட மாட்டாளாம். குட்டி கேட்டு வருகிறவன் தன் வீட்டைப் பற்றி உண்மையே சொல்லமாட்டானாம். கலூரில் ஒரு கடைக்காரன் பெரிய தோட்டம் இருக்கிறது என்று சொல்லி ஒரு அல்சேஷனை வாங்கிப் போய், துணி காயப்போடுகிற பால்கனியில் கட்டி வைத்துவிட்டான். அது பாதிப் பைத்தியமாகத் திரும்பி வந்ததிலிருந்து அவள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். வாங்குகிறவன் வீட்டில் இல்லாத நேரத்தில் போய், பக்கத்து வீட்டுக்காரியிடம் விசாரிப்பாள்.

“பக்கத்து வீட்டுக்காரி பொய் சொல்லமாட்டாள்” என்றாள். எங்கள் சந்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்!

நான் ஒரு முக்காலி எடுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்துகொண்டு கல்யாணத் தரகர் மாதிரி ஒவ்வொரு நாய்க்கும் எந்த வீடு பொருந்தும் என்று சொல்ல ஆரம்பித்தாள். வீட்டைக் காக்க ஆள் வேண்டுமென்றால் அல்சேஷன். வயதான புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்கிற வீடு என்றால் கட்டைக்கால் டாஷண்ட். ஒற்றைக்கு இருக்கிற ஆளுக்கு, சின்ன வீட்டுக்கு, பொமரேனியன் போதும். அது மடியிலேயே கிடக்கும். காலையிலிருந்து இருட்டுகிறவரை ஓடியாடுகிற குடும்பத்துக்கு மட்டும் லாப்ரடார். அதை ஓடவிடாமல் வைத்தால் வீட்டையே கடித்துத் தின்றுவிடும், கூட ஓட ஆள் இல்லாவிட்டால் மனசு உடைந்து போகும். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்த நாயெல்லாம் கடைவீதியில் பன்ரொட்டி திருடுகிற நாய்தான்.

“உங்கள் சங்கரலிங்கம் வந்து நின்றபோதே இவருக்கு பொமரேனியன் என்று மனசில் முடிவு செய்துவிட்டேன்” என்றாள். “நடையைப் பார்த்தால் தெரியாதா? ஆனால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், பொமரேனியனை ஒரே நாளில் ஓட்டியே கொன்றுவிடுவார்கள், கூட ஓடுகிற நாய்தான் வேண்டும் என்றார்.”

மூன்று பிள்ளைகளா? சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கா? கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, நான்கு தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் தலை நரைத்துப்போன மனிதர். கல்யாணமே ஆகவில்லை. அவர் வீட்டில் இருப்பது ஒரு ஸ்டவ், ஒரு கயிற்றுக் கட்டில், உட்காருவதற்கு ஒரு தேயிலைப் பெட்டி. சிரித்துக்கொண்டே “அவருக்கு ஏது” என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் விரலை மடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூத்தவன் கதிரேசன். எவ்வளவு வேகமாக ஓடினாலும் இடது கை மட்டும் வீசாது. நிக்கர் பெரிசு, அதைப் பிடித்துக்கொண்டே ஓடுவான். அடுத்தவள் வடிவு. படியில் இறங்கியதாகச் சரித்திரமே கிடையாது, பாதிப் படியிலிருந்து குதிப்பாள். கடைக்குட்டி வேலு. ஓடுவதற்கு முன்னால் குனிந்து தன் காலைப் பார்த்து ‘போலாமா’ என்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவான். தாய் வாசலில் நின்று, விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டால் நான் தூக்கமாட்டேன் என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். ஆனால் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் முதலில் ஓடுகிற ஆளும் அவள்தான், செருப்புக்கூடப் போடமாட்டாள்.

அந்த நிக்கர் நான் வாங்கினது. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கினேன், அவன் வளராமல் நிக்கரைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறான், என் மூத்தவன் நூர் முகம்மது. படியிலிருந்து குதிக்கிறவள் ஜுமைலா. காலிடம் உத்தரவு கேட்கிறவன் என் மக்தூம். பேர் மட்டும்தான் வேறு. செருப்பில்லாமல் ஓடுகிற அந்தத் தாய்க்கு நல்லவேளை அவர் பேர் எதுவும் வைத்திருக்கவில்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? புருஷன் துபாயில் இருக்கிற பொம்பளை நான். இந்தச் சந்தில் என் வீட்டு வாசலில் எத்தனை கண் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். இந்த மனிதர் தேவரா வரைக்கும் போய் என் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று சொல்லி, பேரும் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் யார் என் பிள்ளைகளுக்குப் பேர் வைக்க? அதே நேரத்தில் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளைகள் எப்படி ஓடுகிறார்கள் என்று என்னைத் தவிர இன்னொருவர் பார்த்து வைத்திருக்கிறார். நான் செருப்பில்லாமல் ஓடுவேன் என்பது எனக்கே தெரியாது. பெற்ற தகப்பன் போகும்போது மக்தூம் கவிழ்ந்து படுக்கப் பழகிக்கொண்டிருந்தான். அவர் அதற்கப்புறம் அவனைப் பார்க்கவே இல்லை.

“எல்லாம் சரிதானா? அந்த வீட்டில் பிள்ளைகள் ஓடுகிறார்களா?” என்று கமாண்டர் அம்மா கேட்டாள்.

ஒரு வார்த்தை போதும், நாய் வராது. வரக்கூடாது என்பதுதான் எனக்கும் நல்லது. எங்கள் வீட்டில் நாய் ஆகாது. நாய் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை, அதன் ஈரம் மேலே படக்கூடாது, அவ்வளவுதான். பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். அதற்கப்புறம்தான் தொழுகைக்கு நிற்கலாம். உலர்ந்த கையால் உலர்ந்த நாயைத் தொட்டால் ஒன்றுமில்லை என்று மதரஸா உஸ்தாது சொல்வார். கொச்சியில் எந்த மாதத்தில் யார் கை உலர்ந்திருக்கிறது? அதிலும் குட்டி நாய் என்றால் நக்காமல் விடுமா? அது அந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் என் பிள்ளைகள் அங்கே போகமுடியாது. பள்ளிக்கூடம் விட்டால் பையைத் தூக்கி என் வீட்டுக்குள் எறிந்துவிட்டு நேரே அவர் வீட்டு முற்றத்துக்குத்தான் போவார்கள். தென்னை மரத்திலிருந்து கிணற்றடி வரை ஓடுவார்கள், அவர் தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்து யார் முதலில் என்று தீர்ப்புச் சொல்வார். சண்டை வந்தால் அவர், பல் ஆடினால் அவர், கணக்கு வராவிட்டால் அவர். தகப்பன் இல்லாத குறையை அந்த முற்றத்தில் வைத்துத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை.

“ஓடுறாங்க” என்றேன். “பொழுதன்னிக்கும் ஓட்டந்தான்.”

ஏன் சொன்னேன் என்றால், முதலில் கோபம். வரட்டுமே நாய். வந்தால் இவருடைய கதிரேசனும் வடிவும் எப்படி ஓடுகிறார்கள் என்று பார்க்கலாம். அந்தக் கோபம் வார்த்தை வாயைவிட்டு வெளியே வருவதற்குள் பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதி என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போய் அந்த அம்மாள் முன்னால் நின்று, இல்லாத பிள்ளைகளுக்காக அவர் நாய் தேர்ந்தெடுத்த கோலம் கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

“தாய்?”

“இருக்கா. அவ எங்க போவா.”

அவள் திருப்தியாக எழுந்தாள். குடையை எடுத்துக்கொண்டு நாலடி வைத்திருப்பாள், சந்து முனையில் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. இனிமேல் யார் மறைக்க முடியும்? நூர் முகம்மது இடது கையால் நிக்கரைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து வந்தான். பின்னாலேயே ஜுமைலா, எதிர்வீட்டுப் படிகளில் ஏறி உச்சியிலிருந்து ஒரே குதி. மக்தூம் சந்து முனையில் நின்று, குனிந்து, காலைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு ஓடிவந்தான். மூன்று பைகளும் அந்த அம்மாளைத் தாண்டி என் வாசலில் விழுந்தன. அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“இவங்ஙள்?”

“என் பிள்ளைங்க.”

பேர் கேட்டாள். சொன்னேன். ஒவ்வொரு பேரையும் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தகப்பன் எங்கே என்றாள், துபாய் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் பொய்யும் சொல்லவில்லை, நாயும் வரவில்லை. மீன் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினால் அவள் மறுபடி வந்துகொண்டிருக்கிறாள், கையில் ஒரு பிரம்புக் கூடை. காரிலேயே வைத்திருந்திருக்கிறாள். நேரே போய் அண்ணாச்சி வீட்டு வாசலில் வைத்தாள்.

“ஒற்றைக்கு இருக்கிற ஆளுக்கு பொமரேனியன்னு சொன்னீங்களே” என்றேன். என்னால் அடக்க முடியவில்லை.

அவள் என் பிள்ளைகளைப் பார்த்தாள். “இயாள் ஒற்றைக்கல்லல்லோ” என்றாள். இந்த ஆள் தனியாள் இல்லையே என்று சொல்லிவிட்டு, பால் எப்போது கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கூடைக்குள் இருந்தது ஒரு வெல்லக்கட்டி நிறத்துக் குட்டி. தலை பெரிசு, பாதம் அதைவிடப் பெரிசு. சற்று நேரத்தில் அழ ஆரம்பித்தது. என் மூன்றும் அதைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். எட்டி உட்காருங்க, மேலே பட்டால் பாருங்க என்று நான் வாசலிலிருந்து கத்தினேன். மக்தூம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், கை தானாகப் போய்விடும் என்று பயந்திருப்பான் போல. “உம்மா, இது அழுவுது. ஏழு வாட்டிதானே, நான் கழுவிக்கிடுறேன்” என்றான். நான் முடியாது என்றேன். ஜுமைலா சிரட்டையில் பால் ஊற்றி, விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளித் தள்ளிக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அன்றைக்கு அந்த மூன்றும் ஓடவே இல்லை.

அண்ணாச்சி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. சட்டை முழுக்க மிளகுத் தூசியோடு வந்தவர் கூடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

“அந்தம்மா வந்தாவளா, தங்கச்சி? என்ன கேட்டாவ?”

“நாய் வளக்கத் தோதான வீடான்னு கேட்டாங்க. தோதுதான்னு சொன்னேன்.”

அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல. குனிந்து குட்டியைத் தூக்கினார். அது அவர் மூக்கு, கன்னம், காது ஒன்றையும் விடாமல் நக்கியது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே குட்டியை மக்தூமுக்கு முன்னால் நீட்டி, “இந்தால, ஒனக்குத்தான்” என்றார். நான் பையனின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

அதற்கப்புறம் என் பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. குட்டி வந்த வேகத்தில் முற்றம், கிணற்றடி, தேயிலைப் பெட்டி எல்லாவற்றையும் நக்கி முடித்திருக்கும், போக இடம் எங்கே? பள்ளிக்கூடம் விட்டு வந்த மூன்றும் என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சண்டை போட்டார்கள். நூர் முகம்மது ஒரு நாள், நாயைக் கட்டிப் போட்டால் போகலாமா என்று கேட்டான். இன்னொரு நாள், வாப்பா எப்போ வருவார் என்று கேட்டான். அவன் அதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் சாயங்காலமானால் அண்ணாச்சி ‘ஏ பிள்ளைகளா’ என்று ஒரு குரல் கொடுப்பார். சற்று நேரம் பொறுத்து இன்னொரு குரல். பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். நான் அடுக்களையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுவேன். போய்ச் சொல்லியிருக்கலாம். கேட்டால் சொல்லலாம் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, எங்கள் படிக்குக் கீழே நின்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

“தப்புதான், தங்கச்சி. அந்தம்மா வீட்ல எத்தன பேருன்னு கேட்டாவ. ஒத்த ஆளுன்னு சொல்ல வாய் வரல. சொல்ல ஆரம்பிச்சிட்டேன், பொறவு நிறுத்த முடியல. அதுக்காகப் பிள்ளையள அனுப்பாம இருக்காதிய.”

“பேரு எதுக்கு மாத்துனீங்க?”

அவர் கீழே பார்த்தார். “ஒங்க பிள்ளைய பேரச் சொன்னா களவாண்ட மாதிரி ஆயிரும்லா.”

அதற்காக அனுப்பாமல் இருக்கவில்லை, அண்ணாச்சி, நாய் வந்ததால்தான் என்று விஷயத்தை எடுத்துச் சொன்னேன். ஈரம், ஏழு தடவை, மண், தொழுகை எல்லாம். அவர் கேட்கக் கேட்க அப்படியே படியைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தன வருசமாப் பக்கத்துல கெடக்கேன். நோம்புக் கஞ்சி தந்திருக்கிய, பெருநாளுக்குச் சோறு தந்திருக்கிய. இது தெரியாமப் போச்சே.”

“தெருநாய் வந்தா பிள்ளைங்க ஒதுங்குறத நீங்க பாத்ததில்லையா?”

“பாத்திருக்கேன். பயந்துக்கிட்டு ஒதுங்குதாவன்னு நெனச்சேன். குட்டியிலருந்து கூடவே ஓடி வளந்தா பயம் போயிருமேன்னுதான், தங்கச்சி, குட்டியாப் பாத்துக் கேட்டேன். ஓடுற நாயாக் கேட்டேன்.”

என் பிள்ளைகளின் இடது கையைக்கூடப் பார்த்து வைத்திருந்த மனிதர். அவர்கள் ஒதுங்குவதையும் தினம் பார்த்திருக்கிறார், பார்த்து, அதைப் பயம் என்று நினைத்து, மருந்தாக இதை வாங்கி வந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. நாளைக்குக் காலையில் கொண்டுபோய் அந்தம்மாளிடமே கொடுத்துவிடுகிறேன் என்றார். கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குட்டியைக் கூடையில் வைத்து, துண்டால் மூடி, படகு ஏற ஜெட்டிப் பக்கம் நடந்து போனார். நான் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மூன்றும் துள்ளிக் குதித்தார்கள். நாங்கள் நாலு பேருமாக இரண்டு வாளி மண் அள்ளிக் கரைத்து வைத்தோம். நூர் முகம்மது தண்ணீர் இறைப்பதாகவும், ஜுமைலா விளக்குமாறு போடுவதாகவும், மக்தூம் எத்தனையாவது தடவை என்று எண்ணுவதாகவும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். அண்ணாச்சி திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அந்த முற்றத்தை முழுக்கக் கழுவி விடுவதாக ஏற்பாடு. எனக்கே உடம்பில் ஒரு துடிப்பு வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது கூடை கையிலேயே இருந்தது. துண்டு அசைந்தது.

“அந்தம்மா வாங்கமாட்டேன்னாங்களா?” என்றேன்.

“ஜெட்டி வரைக்கும்தான் போனேன். போட்டு வந்துச்சு, ஆளெல்லாம் ஏறுனாவ. நான் ஏறல.” வாளிகளைப் பார்த்தார். எதற்கென்று புரிந்திருக்கும். “ஒங்க பிள்ளைய என்னைக்காவது போயிரும்லா, தங்கச்சி. அவுக வாப்பா விசா எடுத்து அனுப்புவாரு. நீங்க சாமான் கட்டுவிய. நல்லதுதான், போவத்தான் செய்யணும். அன்னைக்கு நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. விசா வந்தால் நான் திரும்பிப் பார்க்காமல் போவேன், அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் என் பிள்ளைகளை ஒரு தட்டிலும் அந்த வெல்லக்கட்டிக் குட்டியை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்து, இந்த மனிதர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே என்று மனசு அடித்துக்கொண்டது. மக்தூம் வீறிட்டு அழுதான். அவர் அவனைப் பார்க்காமல் கதவைத் திறந்து உள்ளே போனார். நான் வாளிகளைத் தூக்கி வாழை மூட்டில் ஊற்றினேன். அழுதேன், பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. குட்டி குட்டியாக இருக்கவில்லை, ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. நானும் அண்ணாச்சியும் வாசலில் பார்த்தால் மீன் விலை பேசுவோம், கரண்ட் போனதைப் பேசுவோம். பெருநாளுக்குச் சோற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல் நானே கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தேன். தேவராவிலிருந்து கமாண்டர் அம்மா ஒருநாள் வந்து, நாயின் பல்லையும் காதையும் பார்த்துவிட்டு, கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாளாம். நான் அப்போது வெளியே வரவில்லை.

போன மாதம் துபாயிலிருந்து வந்த ஒருவர், என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு டேப் ரெக்கார்டர், பேசி அனுப்பிய ஒரு கேசட், நாங்கள் பேசி அனுப்புவதற்கு வெறும் கேசட் ஒன்று. அவர் குரல் கொஞ்சம் கனத்திருந்தது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல. எல்லாரையும் பேர் சொல்லி விசாரித்தார். விசாவுக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். கடைசியில், சொல்ல வந்ததை மறந்துவிட்டு ஞாபகம் வந்தது மாதிரி, “சின்னவன் இப்ப நல்லா ஓடுவானா, சஃபியா?” என்று கேட்டார். அதோடு கேசட் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெறும் கேசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, அஸ்ஸலாமு அலைக்கும் என்று ஆரம்பித்தேன். நலம், பிள்ளைகள் நலம், பார்சல் கிடைத்தது. அடுத்தது மக்தூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? காலிடம் கேட்டுவிட்டு ஓடுவான் என்று சொல்லலாம். அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று நினைத்ததும் நாக்கு நின்றுவிட்டது. அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கும் அண்ணாச்சி முற்றத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பாசி பிடித்த சுவர். எங்கள் பக்கம் ஒரு ஆள் போகிற அளவு சந்துதான். கொஞ்ச நாளாக என் மூன்றும் அதில் ஓடுகிறார்கள், முழங்கையெல்லாம் சிராய்ப்பு. இவர்கள் இந்தப் பக்கம் ஓடினால் நாய் அந்தப் பக்கம் ஓடுகிறது. இவர்கள் நின்றால் அதுவும் நிற்கிறது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, காலடிதான் கணக்கு.

இந்தப் பக்கம் மூன்று ஜோடிக் கால். அந்தப் பக்கம் நாயின் நகம் மண்ணைப் பிறாண்டுகிற சத்தம், அதன் இளைப்பு. அதற்கும் பின்னால், மெதுவாக, இன்னொரு ஓட்டம் கேட்டது. தேய்ந்த ரப்பர் செருப்பு, வயசான மூச்சு. சுவர் முடிகிற இடம் வரை வந்து நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இந்தப் பக்கத்துக் காலடியோடு சேர்ந்து திரும்பி ஓடியது.

கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் அவர் துபாயில் ஒரு அறையில் உட்கார்ந்து கேட்பார். எது மகன், எது நாய், எது பக்கத்து வீட்டுக்காரர் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. ரெக்கார்டரைத் தூக்கி, சுவரைப் பார்க்கிற மாதிரி, ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.